இரைப்பையில் அமிலச் சுரப்பை நிறுத்துவது யார்?

வினாக்குறி
இரைப்பையில் அமிலம் சுரக்கத் தொடங்குவதைப் பற்றிப் பாடநூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. உணவின் மணம், சுவை, நினைப்பு, மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பு, காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் என்று ஒவ்வொன்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு, சுரப்பு எப்படி நிற்கிறது என்ற இடம் வந்ததும் 'பின்னூட்டம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கின்றன. எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கொஞ்சமாக உண்டால் கொஞ்சமாகவும், நிறைய உண்டால் நிறையவும் அமிலம் சுரக்க வேண்டுமென்றால், உள்ளே வந்த உணவின் அளவை இரைப்பை எதைக் கொண்டு அளக்கிறது? அடுத்தது, இவ்வளவு கடுமையான அமிலத்தை உண்டாக்கும் செல் தானே வெந்துபோகாமல் இருப்பது எப்படி?

நுண்ணோக்கி
இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதலாவது பாதி அவிழ்ந்துவிடும்.

இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பெரைட்டல் செல் (நம் பாடநூல்களில் ஆக்சின்டிக் செல் என்றும் வரும்) அமிலத்தைத் தன்னுள் தயாரித்துச் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு வெளியே கொட்டுவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்ற பொருள் அந்தச் செல்லுக்குள் எந்த நொடியிலும் கிடையாது. உள்ளே நடப்பது இவ்வளவுதான்: கார்பன் டை ஆக்சைடும் நீரும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் துணையால் இணைந்து, ஒரு ஹைட்ரஜன் அயனியாகவும் ஒரு பைகார்பனேட் அயனியாகவும் பிரிகின்றன. ஹைட்ரஜன் அயனியைச் செல்லின் ஒரு பக்கமாக ஒரு புரத இறைப்பான் வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாக ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைகார்பனேட்டோ மறுபக்கமாக இரத்தத்துக்குள் சென்று, அங்கிருந்து ஒரு குளோரைடு அயனியை மாற்றாக அனுப்பி வைக்கிறது. அந்தக் குளோரைடு செல்லைக் கடந்து இரைப்பைப் பக்கம் வெளியேறும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. ஆகவே 'அமிலம்' என்று நாம் அழைக்கும் பொருள் செல்லுக்கு வெளியே பிறக்கிறது.

இறைப்பான்கள் எந்நேரமும் இயங்குவதுமில்லை. ஓய்வு நேரத்தில் அவை செல்லின் உள்ளே நுண்குழல்களிலும் சிறு பைகளிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பொட்டாசியம் கிடைக்காததால் அவற்றால் வேலை செய்ய முடியாது. தூண்டல் வந்தவுடன் இந்தப் பைகள் நகர்ந்து, செல்லுக்குள் பள்ளமாக ஓடும் கால்வாய்களின் சுவரோடு ஒன்றிவிடுகின்றன. அமைதியான செல்லையும் தூண்டப்பட்ட செல்லையும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே செல் என்று நம்புவது கடினம். முதல் படத்தில் கால்வாய் ஒரு ஒடுக்கமான பிளவாகத் தெரியும். இரண்டாவதில் அகன்று, உள்முகம் முழுவதும் விரல் விரலாக நீட்டங்கள் அடர்ந்திருக்கும். தூண்டல் நின்றதும் அதே சவ்வு மடங்கி உள்ளே திரும்பிவிடுகிறது. செல்லின் எஞ்சிய இடமெல்லாம் மைட்டோகாண்ட்ரியா அடைத்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் இந்த வேலைக்கு ஆற்றல் செலவு மிக அதிகம்.

கணக்கர்
எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனிகள் இருக்கின்றன. பெரைட்டல் செல்லிலிருந்து அப்போதுதான் வெளிவந்த சுரப்பில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.16 மோல், அதாவது பி.எச். 0.8 (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்). ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 40 லட்சம் மடங்கு வருகிறது. உடலில் இவ்வளவு செங்குத்தான மேட்டில் ஓர் அயனியை ஏற்றும் இறைப்பான் வேறு இருப்பதாக நான் படித்ததில்லை. இரைப்பைக்குள் மற்றச் சுரப்புகளோடும் கோழையோடும் கலந்த பிறகு, வெறும் வயிற்றில் நாம் அளக்கும் பி.எச். பெரும்பாலும் 1 முதல் 2 வரை இருக்கும். இரைப்பை நீர் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சுரக்கிறது.

தெளிவு
அப்படியானால் உணவின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்வது சரிதானே? அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அமிலத்தை நாமே நீர்த்துப்போகச் செய்கிறோம் அல்லவா?

கணக்கர்
அதையும் கணக்கிட்டே பார்த்துவிடலாம். இரைப்பையில் பி.எச். 1.5 உள்ள நீர் 50 மில்லி இருக்கிறது என்று கொள்வோம். அதில் 200 மில்லி தண்ணீர் சேர்கிறது. மொத்தம் 250 மில்லி, அதாவது 5 மடங்கு நீர்ப்பு. பி.எச். மடக்கை அளவு என்பதால் 5 மடங்கு நீர்ப்புக்கு அது 0.7 மட்டுமே உயர்ந்து 2.2 ஆகும். 2.2 என்பதும் கடுமையான அமிலம்தான், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதி அதில் தாராளமாக வேலை செய்யும். தண்ணீர் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதுமில்லை. வெறும் தண்ணீரில் பாதியளவு 10 முதல் 20 நிமிடங்களுக்குள் குடலுக்குள் இறங்கிவிடும். செரிமானத்தை இந்தத் தண்ணீர் கெடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. அமிலத்தை உண்மையிலேயே 'சாப்பிடுவது' உணவிலுள்ள புரதம்தான். தண்ணீர் அமிலத்தை விரிக்கிறது, புரதமோ ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நுண்ணோக்கி
கணக்கர் கடைசி வரியில் சொன்னதுதான் வினாக்குறியின் முதல் ஐயத்துக்கு விடை. இரைப்பை உணவை அளப்பதே இல்லை என்பது என் கருத்து. இன்னும் எவ்வளவு அமிலம் பிடிபடாமல் தனித்து நிற்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது.

வேதியியல் ஆய்வகத்தில் தரம்பார்த்தல் செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். குடுவையில் எவ்வளவு காரம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். நிறம் மாறிய கணத்தில் குழாயை மூடுகிறோம். காரம் நிறைய இருந்தால் நிறைய அமிலம் செலவாகும், குறைவாக இருந்தால் குறைவாக. இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் இருக்கும் டி செல்கள்தாம் இங்கே நிறங்காட்டி. அவை உள்ளே இருக்கும் நீரின் அமிலத்தன்மையை உணர்ந்து, அது மிகும்போது சோமட்டோஸ்டாட்டின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அது பக்கத்திலிருக்கும் ஜி செல்களின் காஸ்ட்ரின் வெளியீட்டை அடக்குகிறது. மேற்பகுதியிலும் டி செல்கள் உண்டு. அவை வெளியிடும் சோமட்டோஸ்டாட்டின் அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமினைத் தரும் ஈ.சி.எல். செல்களையும் பெரைட்டல் செல்களையும் அடக்குகிறது. பி.எச். 3க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் காஸ்ட்ரின் தணியத் தொடங்கும்; இன்னும் இறங்கினால் ஏறக்குறைய நின்றேவிடும்.

வெறும் வயிற்றில் இந்தப் பிடி இறுகியே இருக்கிறது. உணவு உள்ளே வந்ததும் அதிலுள்ள புரதம் அமிலத்தை உறிஞ்ச, பி.எச். உயர, சோமட்டோஸ்டாட்டின் விலக, காஸ்ட்ரின் வெளியேறுகிறது. உணவு முடுக்குவது பாதி. ஏற்கெனவே அழுத்தி வைத்திருந்த பிரேக்கை அது விடுவிப்பது மறுபாதி. சாப்பாடு பெரிதாக இருந்தால் பி.எச். திரும்பவும் 3க்குக் கீழே இறங்க நேரமாகும். அந்த நேரம் முழுவதும் சுரப்பு நடக்கும். அளவுகோல் தனியாக வேண்டியதில்லை.

அந்திவானம்
நுண்ணோக்கி சொன்னதை நான் என் உடலிலேயே வரைபடமாகப் பார்த்திருக்கிறேன். நீண்ட நாள் நெஞ்செரிச்சலுக்காக 24 மணி நேர பி.எச். பதிவுச் சோதனை செய்தார்கள். மூக்கின் வழியே மெல்லிய கம்பிபோன்ற குழாயை இறக்கி, கன்னத்தில் ஒட்டி, இடுப்பில் ஒரு சிறு பதிவுக் கருவியை மாட்டி அனுப்பினார்கள். குழாயில் இரண்டு உணரிகள் இருந்தன. ஒன்று உணவுக்குழாயில், மற்றொன்று இரைப்பைக்குள். விழுங்கும் ஒவ்வொரு முறையும் தொண்டையில் அந்தக் குழாய் உரசிக்கொண்டே இருந்ததால் நான் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் திரையில் பார்த்தபோது, இரைப்பைக் கோடு பெரும்பாலான நேரம் 1.5 அருகே தரையோடு தரையாக ஓடியது. நான் உணவு உண்டதாகப் பொத்தானை அழுத்திய இடங்களிலெல்லாம் அது சட்டென்று 4, 5 என்று மேலே எழும்பி, பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரிவாக இறங்கியது. சாப்பிட்டவுடன் அமிலம் பெருகும் என்று அதுவரை நினைத்திருந்த நான், அந்த நேரத்தில்தான் அமிலத்தன்மை மிகக் குறைவாக இருக்கிறது என்பதைக் கண்டு குழம்பிப்போனேன். மருத்துவர் சொன்ன விளக்கம் இதுதான்: சுரப்பு உச்சத்தில் இருப்பதும் அமிலத்தன்மை மிகக் குறைந்திருப்பதும் ஒரே நேரம்.

ஆனால் எனக்கு இன்றுவரை விளங்காதது ஒன்று உண்டு. உணவு அமிலத்தை உறிஞ்சிவிடுகிறதென்றால், எனக்கு நெஞ்செரிச்சல் சாப்பிட்ட பிறகுதானே வந்தது?

பழைய ஏடு
அந்திவானத்தின் கேள்விக்கு நுண்ணோக்கி வரட்டும். அதற்குள் இந்த அறிவு நமக்குக் கிடைத்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனெனில் 'நிறுத்துவது எது' என்ற கேள்வியைவிட 'தொடங்குவது எது' என்பதே நெடுங்காலம் சண்டைக்குரியதாக இருந்தது.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று 1823இல் இலண்டனில் வில்லியம் பிரவுட் அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1822இல், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குத் துப்பாக்கிச் சூட்டில் வயிற்றில் ஏற்பட்ட துளை முழுதாக மூடாமலே ஆறியது. அவருக்குச் சிகிச்சையளித்த வில்லியம் போமண்ட் அந்தத் துளை வழியே உணவுத் துண்டுகளை நூலில் கட்டி உள்ளே விட்டும், இரைப்பை நீரை வெளியே எடுத்தும் செய்த சோதனைகளை 1833இல் நூலாக வெளியிட்டார். அந்த மனிதர் இதற்கெல்லாம் எவ்வளவு மனமுவந்து ஒத்துழைத்தார் என்பது வேறு கதை. பிறகு பாவ்லவ், விழுங்கிய உணவு இரைப்பையை எட்டாதபடி நாய்களுக்கு அறுவை செய்து, உணவு உள்ளே போகாமலே சுரப்பு தொடங்குவதைக் காட்டினார். நரம்புதான் எல்லாவற்றையும் நடத்துகிறது என்ற எண்ணம் வலுத்தது.

1905இல் எட்கின்ஸ், ஆன்ட்ரத்தின் சாற்றில் அமிலத்தைத் தூண்டும் பொருள் ஒன்று இருக்கிறது என்று சொல்லி அதற்குக் காஸ்ட்ரின் என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் ஹிஸ்டமினும் அமிலத்தைப் பலமாகத் தூண்டுகிறது என்று தெரிந்ததும், எட்கின்ஸ் கண்டது வெறும் ஹிஸ்டமின்தான் என்று பலரும் ஒதுக்கிவிட்டார்கள். 1964இல் கிரிகரியும் டிரேசியும் காஸ்ட்ரினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பிறகே எட்கின்ஸ் சொன்னது சரி என்று ஆனது. சுவையான திருப்பம் அதற்குப் பின்தான்: ஜேம்ஸ் பிளாக்கின் குழு ஹிஸ்டமினின் எச்2 ஏற்பியை அடைக்கும் மருந்தை உருவாக்கியபோது, அது காஸ்ட்ரின் தூண்டும் அமிலத்தையும் சேர்த்தே குறைத்தது.

நுண்ணோக்கி
பழைய ஏடு சொன்ன திருப்பத்துக்குக் காரணம், காஸ்ட்ரின் தன் வேலையின் பெரும்பகுதியை ஹிஸ்டமினைக் கொண்டே செய்விக்கிறது என்பதுதான். காஸ்ட்ரின் இரத்தத்தின் வழியே ஈ.சி.எல். செல்களை அடைகிறது, அவை ஹிஸ்டமினை வெளியிடுகின்றன, அந்த ஹிஸ்டமின் அருகிலுள்ள பெரைட்டல் செல்லைத் தூண்டுகிறது. வேகஸ் நரம்பின் அசிட்டைல்கோலின் பெரைட்டல் செல்லை நேராகவும் தூண்டும், டி செல்களை அடக்கிப் பிரேக்கைத் தளர்த்தவும் செய்யும். மூன்று தூண்டல்களும் ஒன்றாகச் சேரும்போது விளைவு தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரிது. அதனால்தான் ஒன்றை அடைத்தாலே மொத்தமும் கணிசமாகக் குறைகிறது.

அந்திவானம் கேட்டது மிக நல்ல கேள்வி. இரண்டு காரணங்கள் உண்டு. உணவால் இரைப்பையின் மேற்பகுதி விரியும்போது, உணவுக்குழாயின் கீழ்ச் சுருக்குத்தசை அவ்வப்போது சில நொடிகள் தானாகத் தளர்கிறது. ஏப்பம் வெளியேறும் வழியும் அதுதான். இரண்டாவது, உணவும் அமிலமும் எல்லா இடத்திலும் சீராகக் கலப்பதில்லை. கலக்கும் வேலை கீழ்ப்பகுதியில் நடக்கிறது. மேற்பகுதி அமைதியாக இருக்கிறது. ஆகவே புதிதாகச் சுரந்த அமிலத்தின் ஒரு பகுதி உணவின்மேல் மெல்லிய அடுக்காக, சுருக்குத்தசைக்குச் சற்றுக் கீழேயே, உணவால் உறிஞ்சப்படாமல் தங்கிவிடுகிறது. உங்கள் இரைப்பை உணரி அதைவிடக் கீழே இருந்திருக்கும். அது 5 என்று காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மேலே பி.எச். 2க்குக் குறைவான ஒரு தேக்கம் இருந்திருக்கக்கூடும். எதுக்களிப்பில் முதலில் மேலேறுவது அதுதான்.

'அசிடிட்டி' என்றாலே அமிலம் அதிகமாகச் சுரக்கிறது என்று பொருள் கொள்வது இதனால்தான் தவறு என்கிறேன். நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பு இயல்பான அளவில்தான் இருக்கும். அது இருக்கக் கூடாத இடத்துக்கு வருவதுதான் சிக்கல்.

வினாக்குறி
தரம்பார்த்தல் உவமை பிடித்திருக்கிறது. ஆனாலும் உவமை அழகாக இருப்பதாலேயே உண்மையாகிவிடாது. டி செல்கள்தாம் நிறங்காட்டி என்பதற்குச் சான்று என்ன?

நுண்ணோக்கி
பிரேக் பழுதான நிலைகளைப் பார்த்தால் தெரியும். சிலருக்கு உடலின் தற்காப்பு அமைப்பே பெரைட்டல் செல்களை அழித்துவிடுகிறது. அமிலமே இல்லாததால் நிறங்காட்டி ஒருபோதும் மாறுவதில்லை. ஜி செல்கள் ஓயாமல் காஸ்ட்ரினை வெளியிட, இரத்தத்தில் அதன் அளவு மிக உயர்ந்து நிற்கும். (இவர்களுக்குப் பி12 குறைபாடும் வரும், அந்த வைட்டமினை உறிஞ்சத் தேவையான இன்ட்ரின்சிக் காரணியைச் சுரப்பதும் இதே செல்கள்தாம்.) இதற்கு நேரெதிரானது 1955இல் சோலிங்கரும் எலிசனும் விவரித்த நோய். காஸ்ட்ரினைச் சுரக்கும் கட்டி கணையத்திலோ முன்சிறுகுடலிலோ வளர்கிறது. இரைப்பையில் எவ்வளவு அமிலம் நின்றாலும் அந்தக் கட்டிக்கு அது தெரியாது, ஆகவே சுரப்பு நிற்பதே இல்லை, புண்கள் ஆறுவதே இல்லை.

எனக்கு மிகத் தெளிவான சான்றாகத் தோன்றுவது மூன்றாவது. அல்சருக்காக இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சிய மேற்பகுதியைச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் அறுவையில், ஆன்ட்ரத்தின் ஒரு துண்டு முன்சிறுகுடலின் முனையில் தவறிப்போய் விடுபட்டுவிடுவது உண்டு. அந்தத் துண்டு இப்போது அமிலத்தையே காண்பதில்லை. அதை நனைப்பதெல்லாம் காரமான கணைய நீரும் பித்தமும். ஆகவே உணவு இன்னும் அமிலத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பதாகவே 'கருதி', அது காஸ்ட்ரினை இரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. புண் மீண்டும் வருகிறது. செல்களில் எந்த நோயும் இல்லை, இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் இதே இடத்தில்தான் கைவைக்கிறது. ஆன்ட்ரத்தில் தங்கி அழற்சி உண்டாக்கும்போது சோமட்டோஸ்டாட்டின் குறைந்து, காஸ்ட்ரின் கூடி, முன்சிறுகுடலில் புண் வருகிறது. அழற்சி மேற்பகுதிக்குப் பரவினால் பெரைட்டல் செல்களே நலிந்து, அமிலம் குறைந்துவிடும்.

தெளிவு
தண்ணீர் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. அந்தப் புரத இறைப்பானை அடைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மருந்துகளை உணவுக்கு முன்பு எடுக்கச் சொல்வதும், நீண்ட நாள் எடுத்தவர்கள் நிறுத்தியதும் எரிச்சல் கூடுவதாகச் சொல்வதும் இந்த அமைப்போடு தொடர்புடையவையா?

கணக்கர்
இரண்டும் தொடர்புடையவைதான், முதலாவதை நான் சொல்கிறேன். மருந்து இரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரமே இருக்கிறது. அது விழுங்கும்போது செயலற்ற வடிவில் இருக்கிறது. பெரைட்டல் செல்லின் கால்வாயிலுள்ள கடும் அமிலத்தைச் சந்தித்த பிறகே செயல்வடிவம் பெற்று இறைப்பானோடு நிலையாகப் பிணைகிறது. இறைப்பான்கள் உள்ளே பைகளில் அடங்கியிருந்தால் மருந்து வந்தும் பயனில்லை. ஆகவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால், உணவு இறைப்பான்களை வெளியே அழைக்கும் நேரமும் மருந்து இரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரமும் பொருந்திவருகின்றன. மருந்து போய்விட்ட பிறகும் விளைவு ஒரு நாளைத் தாண்டி நீடிப்பதற்குக் காரணம், பிணைந்த இறைப்பான்களுக்குப் பதிலாகச் செல் புதியவற்றைச் செய்தாக வேண்டும் என்பது. எல்லா இறைப்பான்களும் ஒரே நேரத்தில் வெளியே வருவதில்லை என்பதால், முழு விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும்.

நுண்ணோக்கி
நிறுத்தியதும் கூடுவதற்குக் காரணம் நிறங்காட்டிதான். மருந்தால் பி.எச். உயர்ந்தே இருக்கும் வாரங்களில் காஸ்ட்ரின் அளவும் உயர்ந்தே இருக்கிறது, அது ஈ.சி.எல். செல்களை வளர்க்கவும் செய்கிறது. மருந்தை நிறுத்தும் நாளில் அமிலம் சுரக்கும் திறன் முன்பைவிடக் கூடுதலாக இருக்கும். அது பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் பிடிக்கலாம். அந்த எரிச்சலைப் பழைய நோய் திரும்பிவிட்டதாக எண்ணி மீண்டும் மருந்தைத் தொடர்பவர்கள் நிறைய. எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். குடற்புண்ணில் இரத்தம் கசிந்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

வினாக்குறி
இன்னும் ஒன்று. முதல் பதிவில், பைகார்பனேட் இரத்தத்துக்குள் செல்கிறது என்றீர்கள். ஒவ்வொரு உணவுக்கும் அவ்வளவு காரம் இரத்தத்தில் சேர்ந்தால் இரத்தத்தின் சமநிலை குலையாதா?

நுண்ணோக்கி
உணவுக்குப் பின் இரைப்பையிலிருந்து திரும்பும் இரத்தம் சற்றே கூடுதல் காரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடன் விரைவில் அடைகிறது. அமிலம் கலந்த இரைப்பைப் பாகு முன்சிறுகுடலுக்குள் சிறிது சிறிதாக இறங்கும்போது, அங்குள்ள எஸ் செல்கள் செக்ரிட்டின் என்ற ஹார்மோனை வெளியிடுகின்றன. 1902இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த இது, கணையத்தைப் பைகார்பனேட் நிறைந்த நீரைச் சுரக்கச் செய்கிறது. இரைப்பையின் அமிலச் சுரப்பையும் அடக்குகிறது. இரைப்பையின் பிரேக்கோடு குடலின் பிரேக்கும் இங்கே சேர்கிறது. கணையச் செல்கள் பைகார்பனேட்டைக் குடல் பக்கமாக அனுப்பும்போது, ஹைட்ரஜன் அயனி இரத்தத்தின் பக்கம் போகிறது. பெரைட்டல் செல் செய்ததற்கு அப்படியே எதிர்மறை. இரைப்பை இரத்தத்தில் விட்ட காரத்தைக் கணையம் விட்ட அமிலம் சமன் செய்கிறது, குடலுக்குள்ளும் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன.

இந்தச் சுற்று அறுபடுவதைக் காண வேண்டுமானால் நீடித்த வாந்தியைப் பார்க்க வேண்டும். இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வழி அடைபட்டு, உள்ளே இருப்பதெல்லாம் மேல்நோக்கியே வெளியேறும் நோயாளியிடம், அமிலம் குடலை எட்டுவதே இல்லை. செக்ரிட்டின் வராது, கணையம் பைகார்பனேட்டைச் செலவிடாது. பெரைட்டல் செல்களோ இரத்தத்தில் காரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். நீரும் குளோரைடும் இழந்த உடலில் சிறுநீரகத்தாலும் அந்தக் காரத்தை வெளியேற்ற முடியாமல் போகிறது. சோடியத்தைக் காப்பாற்றும் முயற்சியில் அது பொட்டாசியத்தையும் சிறுநீரில் இழக்கிறது. அத்தகையவருக்கு மருத்துவர்கள் முதலில் ஏற்றுவது சாதாரண உப்புக் கரைசலைத்தான், கூடவே பொட்டாசியம்; பெரைட்டல் செல் இரத்தத்திலிருந்து இழுத்து வெளியே அனுப்பிய குளோரைடு அந்த வழியாகத்தான் திரும்ப வருகிறது.